முதுகு ஊசி வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு வந்திருப்பது குடல் முறுக்கு. என் மனைவி மயிலாத்தா அப்படித்தான் சொல்கிறாள். அவள் தம்பி நாச்சிமுத்து சொல்கிறான். பெங்களூரிலிருந்து ஓடி வந்திருக்கும் என் மகன் கோகுலும் சொல்கிறான். மூன்று பேரும் அந்தச் சொல்லை ஒரே ராகத்தில் சொல்வதைப் பார்த்தால், காரில் வரும்போதே ஒத்திகை முடிந்திருக்கும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை ஆபரேஷன். கோவையில் பெரிய ஆஸ்பத்திரி. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் சுவரில் ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று நீளமாக ஒரு பலகை. நாச்சிமுத்து அதற்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

“மாமா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. ஏசிக் காத்து சும்மா பிச்சுட்டு வருது” என்றான்.

நாச்சிமுத்து நல்ல அகலமான ஆள். கோழிப்பண்ணை வைத்திருக்கிறான், தானும் கொஞ்சம் தீவனம் எடுத்துக்கொள்வான். ஆனாலும் இந்த ஓரத்தில் ‘புற்’ தெரிந்தது, அந்த ஓரத்தில் ‘பிரிவு’ தெரிந்தது. நடுவில் இருப்பதை நிரப்பிக்கொள்ள என் எஸ்எஸ்எல்சி போதும்.

நான் பல்லடம் ரோட்டில் எடைமேடை நடத்துகிறவன். லாரிக்கு அடியில் தண்ணீர் டிரம்மைக் கட்டி எடையைக் கூட்டுகிறவனையும், கிளீனரைத் தார்ப்பாய்க்குள் படுக்கவைக்கிறவனையும் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்தவன். என்னிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். நானும் பூசணிக்காயைப் பார்க்காதவன் மாதிரி சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருக்கிறேன். மயிலாத்தாவுக்கு வியாதியைவிட நான் அதைத் தெரிந்துகொள்வதுதான் பயம். தெரிந்தால் அந்த நிமிடமே நெஞ்சு வெடித்துப் போய்விடுவேன் என்று நம்புகிறாள். இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியும் என்னைப் பற்றி இவ்வளவு மட்டமான அபிப்பிராயம்.

டயர் கடைக்காரர் கொடுத்த டைரி பையில் கிடந்தது. வாயைத் திறந்து பேசினால் எங்காவது உளறிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

நேற்று மறுபடியும் ஸ்கேன். “மொதல் ஸ்கேன்ல மெஷினு ரிப்பேருங்க மாமா” என்றான் நாச்சிமுத்து. ரிப்பேர் மெஷினுக்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருப்பார்கள், சொல்ல வேண்டியதில்லை.

இன்று மயக்க டாக்டர் வந்தார். ரெஜினா என்று பெயர். வயது நாற்பதுக்குள் இருக்கும், சிரித்த முகம். சர்க்கரை எத்தனை வருசமாக என்று கேட்டார். நான் சொல்வதற்குள் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். டாக்டர் என்னைப் பார்த்தே மறுபடியும் கேட்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“அப்பா, மயக்க மருந்து குடுத்தா நீங்க தூங்கிடுவீங்க. ஆனா ஒடம்பு தூங்காது” என்றார். “வயித்த வெட்டறப்ப அங்கிருந்து நரம்பு வழியா மேல சேதி போய்ட்டே இருக்கும். என்னமோ புலி தொரத்துதுன்னு ஒடம்பு நெனச்சுக்கும். ஓடறதுக்குத் தெம்பு வேணுமே, அதனால லிவர் சேத்து வச்ச சர்க்கரையெல்லாம் ரத்தத்துல கொட்டும். இன்சுலின் சொல்பேச்சு கேக்காது. அதுவும் பத்தலைன்னா சதையக் கரைச்சுச் சர்க்கரையாக்கும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். புண்ணு சீக்கிரம் ஆறாது.”

‘லிவர்’ என்று கேட்டதும் மயிலாத்தா எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த லிவர் கறிக்கடையில் கால் கிலோ சேர்த்து வாங்குவது ஒன்றுதான். டாக்டர் வாயில் கேட்டதும் குமட்டிவிட்டது போலிருக்கிறது.

“அதுக்கு என்னங்க டாக்டர் பண்றது?” என்று கேட்டேன்.

“முதுகுல ஒரு ஊசி போட்டு, முடி மாதிரி ஒரு குழாய வச்சு மருந்து விட்டுட்டே இருப்போம். வயித்துச் சேதி பாதியிலயே நின்னுடும். வெட்டறது ஒடம்புக்கே அவ்வளவாத் தெரியாது. அதோட சேத்து மயக்கமும் குடுப்போம். நீங்க பாட்டுக்குத் தூங்கலாம். சர்க்கரை ரொம்ப எகிறாது, சதையும் மிஞ்சும். உங்களுக்கு அதுதான் நல்லதுன்னு தோணுது.”

சேதி தலைக்குப் போகாமல் நடுவழியில் நிறுத்துவது. என் வீட்டார் பத்து நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், படிக்காமலே.

ஜூன் 6, வெள்ளி

முதுகு ஊசியை எதிர்த்துக் காலையிலிருந்து மாநாடு நடக்கிறது.

“அந்த ஊசி வேண்டவே வேண்டாமுங்க” என்றாள் மயிலாத்தா. “எங்க பெரியம்மா மக பிரசவத்துக்குப் போட்டா. புள்ளைக்குக் கலியாணமே ஆயிருச்சு, அவ இன்னும் குனிஞ்சு ஒரு கோலம் போட முடியல.”

அந்தப் பெரியம்மா மகளை நான் பார்த்திருக்கிறேன். அவள் நின்றாலே தரை கொஞ்சம் இறங்கும். குனிய முடியாததற்கு ஊசி என்ன செய்யும்? சொல்லவில்லை.

ரெஜினா டாக்டரை நாச்சிமுத்து வெளியே அழைத்துக்கொண்டு போனான். ரகசியம் பேசுகிறானாம். கோழிகளோடு பேசிப் பழகிய குரல். கதவும் சரியாகச் சாத்துவதில்லை.

“முதுகுல போட்டா முழிச்சுட்டு இருப்பாருங்களே டாக்டர். உள்ள நீங்க பாட்டுக்கு அந்த வியாதி பேரைச் சொல்லிப்போட்டீங்கன்னா? மாமன் தாங்க மாட்டாருங்க.”

“இல்லைங்க, மயக்கமும் சேத்துத்தான் குடுக்கறோம். தூங்கிட்டுத்தான் இருப்பார்.”

“தூக்கத்துலயும் காது கேக்குமுங்க. எங்க பண்ணையில ராத்திரி ஒருத்தன் தும்முனா அத்தனை கோழியும் எந்திரிச்சுக்கும்.”

“அவருக்குச் சொல்லிடறது நல்லதுங்க. என்ன ஆபரேஷன்னு தெரிஞ்சாத்தான் அவர் கையெழுத்துப் போடறதுக்கு அர்த்தம்.”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க.”

ஆக, என் முதுகைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. என் காதைப் பற்றித்தான் கவலை.

மத்தியானம் ரெஜினா தாளோடு உள்ளே வந்தார். எல்லோரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “அப்பா, இது உங்க ஒடம்பு. உங்ககிட்டதான் கேக்கறேன். வேற ஏதாச்சும் என்கிட்ட கேக்கணுமா?” என்றார்.

மயிலாத்தா ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் என் அம்மா திட்டும்போது அப்படித்தான் நிற்பாள். “ஊசியைப் போடுங்க, எனக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“முதுகு ஊசி வேண்டாங்க. எனக்கு ஏற்கெனவே முதுகுவலி இருக்குதுங்க” என்றேன்.

மூன்று பேருக்கும் முகத்தில் திருவிழா. ரெஜினா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளில் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு ஆபரேஷன். பயமில்லை. டிவியில் மூன்று தடவை செய்தி பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை.

ஜூன் 12, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். எழுத்து கோணிப் போகிறது.

ஐசியூவிலிருந்து இன்றுதான் வார்டுக்கு மாற்றினார்கள். சர்க்கரை முந்நூற்று எண்பதுவரை போனதாம். கையில் இன்சுலின் சொட்டு. மணிக்கொரு தரம் விரலைக் குத்துகிறார்கள். என் விரல்கள் இப்போது சல்லடை, ராகி மாவு சலிக்கலாம்.

ரெஜினா சொன்ன புலி வந்துவிட்டுப் போயிருக்கிறது. நான் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தேன். உடம்பு மட்டும் ஊரைச் சுற்றி ஓடியிருக்கிறது.

ஆபரேஷன் செய்த டாக்டர் வெங்கடபதி வந்தார். பெரிய கை, சின்னப் பேச்சு. “எடுக்க முடிஞ்சத எடுத்தாச்சுங்க. குடல் அடைப்பு இனி இருக்காது” என்றார். ‘எல்லாத்தையும் எடுத்தாச்சு’ என்று மார்தட்டுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்கு அடக்கம் அதிகம்.

கோகுல் இன்னும் பெங்களூர் போகவில்லை. லீவு எத்தனை நாள் என்று கேட்டால் “அது ஒண்ணும் பிரச்சனை இல்லப்பா” என்கிறான். தீபாவளிக்கு வரச் சொன்னால் மேனேஜர் விடவில்லை என்பான். அந்த மேனேஜருக்கு இப்போது ஞானோதயம் ஆகியிருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

எடை பார்த்தார்கள். மெஷின் தவறு என்று வாதாடினேன். எடை சரியென்று அரசு முத்திரை எப்போது வைத்தார்கள் என்று கேட்டேன். நர்ஸ் தானே ஏறி நின்று காட்டினாள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

“சதைதான் போயிருக்குப்பா” என்றார் ரெஜினா. “ஒடம்பு அதையே உருக்கி எரிச்சிருக்கு.” தொடையைப் பார்த்தேன். தோல் மட்டும் காலியான கோணிப்பை போல மடிந்து கிடக்கிறது.

“தீவனம் ஒழுங்காப் போனா எடை தானா ஏறிக்குமுங்க” என்றான் நாச்சிமுத்து. பண்ணைக் கோழி மாதிரி என்னையும் நாற்பத்தைந்து நாளில் விற்பனைக்குத் தயார் செய்துவிடுவான். ஃபிளாஸ்க்கில் கரும்புச் சாறு கொண்டுவந்திருந்தான், நர்சுக்குத் தெரியாமல்.

“டேய் மாப்ள, எனக்குச் சக்கரைடா.”

“இது இயற்கைங்க மாமா. சக்கரைக் கணக்குல சேராது.”

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டும். ஆனால் வாய் மண்ணாகக் கிடந்தது. ஒரு வாய் குடித்தேன். ஒரு வாய் என்று எழுதியிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும்.

சாயங்காலம் விரலைக் குத்திய நர்ஸ் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் குத்தினாள்.

ஜூன் 17, செவ்வாய்

புண் ஆறியதும் எனக்கு ‘சத்து ஊசி’ போடப் போகிறார்களாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். கோகுல் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே.

“சத்து ஊசி போட்டா முடி கொட்டுமாடா?” என்று கேட்டேன். வெறுமனே, பொழுது போகாமல்.

மயிலாத்தா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. சிரிப்பு வந்தது. வயிற்றுத் தையல் இழுத்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் இருமினேன். மேல் தையல் விட்டுவிட்டது. பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. உள் தையல் கெட்டியாக இருக்கிறதாம், அதனால் தப்பித்தேன் என்றார்கள். சீழ் கோத்திருக்கிறது. தினமும் திறந்து கழுவ வேண்டும்.

வெங்கடபதி நாச்சிமுத்துவிடம் வாசலில் பேசினார். கதவு இன்றைக்கும் சரியாகச் சாத்தவில்லை. “புண்ணு மூடாம அந்த மருந்தத் தொடவே முடியாதுங்க. நாளு ஓடுது. அதான் எனக்குக் கவலை.”

கழுவி முடித்ததும் ரெஜினா எட்டிப் பார்த்தார். நான் கேட்டேன், “அன்னைக்கு முதுகுல போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுங்களா?”

“அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்பா. உங்க சர்க்கரை பழசு, பெரிய ஆபரேஷன் வேற” என்றவர் அலமாரிமேல் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். “ஒருவேளை கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.”

ஒரு பெண்ணின் முந்தானையைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். வயிறு திறந்து கிடக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் மத்தியானச் சாப்பாட்டைத் திட்டினேன்.

ஜூன் 28, சனி

சீழ் நின்றுவிட்டது. சதை சிவப்பாக வளர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் தைக்கிறார்கள். இது சரியாகப் பிடித்தால் மருந்து ஆரம்பிக்கலாம். பிடிக்காவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இந்தத் தடவை சின்ன வேலைதான், முதுகு ஊசி மட்டுமே போதும்” என்றார் ரெஜினா. “முழு மயக்கம் குடுத்து மறுபடி ஒடம்பைக் கெளப்பிவிட வேண்டாம். முழிச்சுட்டே இருக்கலாம். வேணும்னா லேசாத் தூங்க வைக்கறேன்.”

“அட வேண்டாமுங்க டாக்டர்” என்று நாச்சிமுத்து குறுக்கே விழுந்தான். “மாமனுக்கு முதுகுவலி...”

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கத்திவிட்டேன். “எனக்கு முதுகுவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எனக்குக் கேன்சர். வந்த அன்னைக்கே தெரியும். உன்ற ஒடம்பை வச்சு அந்தப் பலகையை மறைக்க முடியலடா மாப்ள. முதுகுலயே போடுங்க டாக்டர்.”

முதலில் தெளிந்தவன் நாச்சிமுத்து. அவன் கோகுலைப் பார்த்துத் திரும்பி, “எவன்டா சொன்னது? நீயா?” என்றான். வீட்டில் தீப்பிடித்தாலும் தீப்பெட்டி யாருடையது என்றுதான் முதலில் தேடுவான்.

மயிலாத்தா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். “இத்தன நாளா தெரிஞ்சுட்டேவா கம்முனு இருந்தீங்க?” என்றாள். எனக்கே என் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

கோகுல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். முப்பத்தி நாலு வயசு.

“அப்பாடா... எப்படிப்பா சொல்றதுன்னு தெரியாம செத்துட்டிருந்தோம். அப்ப லிவர்ல பரவியிருக்கறதும் உங்களுக்குத் தெரியுமா?”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

“தெரியும்” என்றேன்.

தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

மயிலாத்தா இட்லி கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 30, திங்கள்

நேற்று எழுதியது பொய். நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ‘லிவர்’ என்றதும் மயிலாத்தா எழுந்து போனது, ரிப்பேரான மெஷின், எடுக்க முடிந்ததை எடுத்தது, கோகுலின் லீவு. எல்லாம் மேடைமேல் ஏறி நின்றது, நான்தான் எடையைப் படிக்காமல் விட்டேன். பெரிய கெட்டிக்காரன். பலகையில் ரெண்டு எழுத்தைப் படித்துவிட்டு முழுப் புத்தகத்தையும் படித்தவன் மாதிரி உள்ளுக்குள் எத்தனை சிரிப்புச் சிரித்தேன்.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ரெஜினா வந்தபோது சொல்லிவிட்டேன், “என்னைத் தூங்க வைக்காதீங்க.”

ஜூலை 1, செவ்வாய்

முதுகை வளைத்து உட்காரவைத்து ஊசி போட்டார்கள். எறும்பு கடித்த அளவுதான். பெரியம்மா மகளைப் பார்த்தால் கேட்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே சூடு பரவியது. பிறகு வயிறும் காலும் இருப்பதே தெரியவில்லை. நெஞ்சுக்குமேல் ஒரு பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் என் வயிறு, இந்தப் பக்கம் நான்.

உள்ளே என்னவெல்லாம் பேசுவார்களோ என்று என் வீட்டார் பயந்து நடுங்கினார்களே, அதைக் காது கொடுத்துக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கே கார் நிறுத்த இடமில்லையாம். யாரோ ஒரு காது டாக்டர் தினமும் வெங்கடபதியின் இடத்தில் நிறுத்திவிடுகிறாராம். அதைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார்கள்.

“சர்க்கரை நூத்தி அறுவதுப்பா” என்றார் ரெஜினா, என் தலைமாட்டிலிருந்து. “ஒடம்புக்கு ஒண்ணும் தெரியல.”

அப்போதுதான் கேட்டேன். திரையைப் பார்த்து, “டாக்டர், லிவர்ல இருக்கறதுக்கு அந்த மருந்து கேக்குமுங்களா? எனக்கு எவ்வளவு நாளுங்க?”

கார் பேச்சு நின்றது. கத்தரிக்கோல் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. வெங்கடபதி திரைக்கு மேலே எட்டி என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. மருந்து கேட்டால் இவ்வளவு, கேட்காவிட்டால் இவ்வளவு என்று இரண்டையும் சொன்னார். ரெஜினா என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பேன்.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் நாச்சிமுத்துவையும் கோகுலையும் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு மயிலாத்தா கட்டிலருகே வந்தாள். இனி ஒளிவுமறைவு கிடையாது என்று நேற்றுத்தான் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“ஏனுங்க, முழிச்சுட்டே தானுங்க இருந்தீங்க? உள்ள என்ன பேசுனாங்க?”

“காரு நிறுத்த எடம் இல்லையாமா. அதயேதான் பேசிட்டிருந்தாங்க.”

“நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?”

“என்னத்தக் கேக்கறது? நல்லாத் தூங்கிட்டேன் நடுவுல.”

என் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். “சரிங்க” என்றாள். பிறகு கால்மாட்டில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட ஆரம்பித்தாள். முதுகு ஊசியின் மரப்பு இன்னும் விடவில்லை. அவள் கை படுவது எனக்குத் தெரியவில்லை. அவள் பிடித்துவிடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போதும் என்று சொல்லவில்லை.